ஷிப்பூரின் நிழல் மாளிகை

குடும்பத்தோடு கல்கத்தாவுக்குப் பிரயாணம் புறப்படுகிற தமிழர்களிடம் பரம்பரைச் சொத்தைப் போல ஒரு பட்டியல் கைமாறி வருகிறது. காளிகாட், தட்சிணேசுவரம், பேலூர் மடம், விக்டோரியா நினைவு மண்டபம், ஹௌரா பாலம், டிராம் வண்டியில் ஒரு சவாரி, நியூ மார்க்கெட்டில் கொஞ்சம் பேரம், இவ்வளவும் ஆன பிறகு நேரம் மிஞ்சினால் ஷிப்பூர்த் தோட்டத்துப் பெரிய ஆலமரம். ஆலமரத்தைப் பார்க்கப் போகிறவர்களும் வாடகைக் காரை வாசலில் காக்க வைத்துவிட்டு, விழுதுகளுக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். அந்த மரம் நிற்பது உலகத் தாவர சாஸ்திரத்தின் போக்கையே திருப்பிவிட்ட ஒரு தோட்டத்தின் மூலையில் என்பதையோ, லண்டனிலும் அதைச் சுற்றிய சீமான்களின் பண்ணைகளிலும் எழுந்த கண்ணாடி மாளிகைகளுக்கு இங்கிருந்துதான் குடிகள் கப்பலேறிப் போயின என்பதையோ அவர்களிடம் எவரும் சொல்வதில்லை. சொன்னால், அந்த ஒரு மணி நேரம் ஒரு முழுப் பகலாக நீண்டுவிடும் என்பது என் நம்பிக்கை.

சிங்கப்பூர் போய் வந்த உறவினர் வீட்டில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் போதும். கைப்பேசியிலிருந்து கண்ணாடிக் குவிமாடங்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் 2012-ல் திறக்கப்பட்ட 'கார்டன்ஸ் பை த பே' என்ற அந்த உத்தியானத்தில், நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் எழுப்பிய மலர்க் குவிமாடமும், 35 மீட்டர் உயரத்திலிருந்து உள்ளேயே அருவி விழுகிற மேகவனமும் நம் குழந்தைகளின் மனத்தைக் கவர்ந்துவிட்டன. "கல்கத்தாவுல இந்த மாதிரி இருக்காப்பா?" என்று எங்கள் வீட்டுச் சிறுவன் ரயில் ஏறுமுன்பே கேட்டான். இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். கண்ணாடி இல்லை, ஆனால் கண்ணாடி மாளிகை எந்தக் காரியத்துக்காக உண்டாயிற்றோ, அந்தக் காரியம் அங்கே நடக்கிறது. எப்படி என்று விளங்க வேண்டுமானால், முதலில் குளிர்நாட்டுக்கு ஒரு நடை போய் வரவேண்டும்.

பனி பெய்கிற தேசத்தில் தென்னையையும் கமுகையும் வாழையையும் வளர்க்க ஆசைப்பட்டவன் செய்த தந்திரம்தான் பசுமைக்குடில். சூரிய கிரணம் கண்ணாடியை ஊடுருவி உள்ளே வந்து மண்ணையும் செடியையும் தொட்டியையும் சுடவைக்கிறது. சூடேறிய காற்று மேலே எழுந்து வெளியே ஓடிவிட வழியில்லாமல் கூரைக்குள்ளேயே அடைபட்டு நிற்கிறது. இலைகள் விடுகிற ஈரமும் அதனோடு கலந்து தங்கிவிடுகிறது. வெயில் போதாத மாதங்களில் கொதிகலனில் நிலக்கரி எரித்து, வெந்நீர்க் குழாய்களைத் தரைக்கடியில் ஓட விடுவார்கள். இப்படித்தான் லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் டெசிமஸ் பர்ட்டன் என்ற கட்டடக் கலைஞரும் ரிச்சர்டு டர்னர் என்ற இரும்பு வேலைக்காரரும் சேர்ந்து 1844 முதல் 1848 வரை பாடுபட்டு, பனைகளுக்கென்று ஒரு மாளிகை கட்டி முடித்தார்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தின் வெயிலே கண்ணாடி வழியாக விழுந்து இலைகளைக் கருக்கிவிடும் என்று அஞ்சி, அந்த மாளிகைக்கு முதலில் பச்சைச் சாயம் ஏற்றிய கண்ணாடிகளைப் பதித்தார்களாம். அந்த வெயிலுக்கே அவ்வளவு பயம் என்றால், வைசாக மாதத்து வங்காள வெயிலில் அவர்கள் என்ன செய்திருப்பார்களோ!

நம் நாட்டில் இந்தக் கண்ணாடிக் கலை பொருந்துகிற இடங்கள் சிலவே. உதகமண்டலத்தில் மக்கைவர் என்ற தோட்டக்கலைஞர் 1848-ல் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் கண்ணாடி மாளிகையைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் குறைவு. அங்கே உறைபனி விழுவதால் அதற்கு நியாயம் இருக்கிறது. பெங்களூர் லால்பாகில் 1889-ல் அஸ்திவாரம் போட்ட கண்ணாடி மாளிகை பெரும்பாலும் மலர்க் கண்காட்சிக்கான அழகிய பந்தல். சமவெளிக்கு இறங்கிவிட்டால் கதை தலைகீழாகிறது. கல்கத்தாவில் ஆண்டின் பெரும்பகுதி வெளியுலகமே கண்ணாடிக் குடிலுக்குள் இருக்கிற உஷ்ணத்தோடும் புழுக்கத்தோடும் கிடக்கிறது. அங்கே செடிக்கு வேண்டியது வெப்பத்தைச் சேர்த்து வைக்கிற கூரையன்று. வெயிலை வடிகட்டி, அனல்காற்றைத் தடுத்து, ஈரத்தை மட்டும் பிடித்து வைக்கிற கூரை. நம் தோட்டக்கலைத் துறையினர் 'நிழல்வலைக் குடில்' என்கிறார்களே, அதன் மூதாதை என்று வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர்க் குவிமாடங்களும் இந்த வகைத் தலைகீழ்தான். அங்கே கண்ணாடிக்குள் இயந்திரம் குளிர்ச்சியை ஊட்டிக்கொண்டிருக்கிறது. ஷிப்பூரில் அந்த வேலையைக் கொடிகள் செய்கின்றன.

ஷிப்பூர் என்பது ஹூக்ளி நதியின் மேற்கரையில், ஹௌரா நகரத்தைச் சேர்ந்த பகுதி. சென்னையிலிருந்து வருகிற கோரமண்டல் விரைவு வண்டி சில ஆண்டுகளாக ஹௌரா நிலையத்துக்குப் போகாமல் ஷாலிமார் நிலையத்திலேயே நின்றுவிடுவதால், தோட்டம் இப்போது தமிழ்ப் பிரயாணிகளுக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. கல்கத்தாப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் 1992-ல் திறந்த வித்தியாசாகர் பாலத்தைக் கடந்து போகலாம். பஸ்ஸில் நடத்துநரிடம் 'ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் தோட்டம்' என்று 2009-ல் சூட்டிய முழுப்பெயரைச் சொன்னால் விழிப்பார். 'பி கார்டன்' என்றால் உடனே டிக்கெட் கிழித்துத் தருவார். கரையோரமாக நின்று பார்த்தால் எதிர்க்கரையில் தெரிவது மேட்டியாபுருஸ். ராஜ்யத்தைப் பறிகொடுத்த அவத் நவாப் வாஜித் அலி ஷா, புலிகளையும் பறவைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு தம் கடைசி நாட்களைக் கழித்த ஊர் அது.

தோட்டத்தை உண்டாக்கியவர் தாவர சாஸ்திரி அல்லர். ராபர்ட் கிட் என்ற பட்டாள கர்னல். ஷாலிமாரில் அவருக்குச் சொந்தமாக ஒரு தோட்டம் இருந்தது. 1770-ல் வங்காளத்தைச் சூறையாடிய பஞ்சத்தின் நினைவு அப்போது ஆறாத புண்ணாக இருந்த காலம். அபூர்வமான செடிகளை வேடிக்கைக்காகச் சேர்ப்பது தம் நோக்கமில்லை, ஜனங்களுக்கு உணவாகவும் கம்பெனிக்கு வியாபாரமாகவும் பயன்படக்கூடிய மரஞ்செடிகளைப் பெருக்கிப் பரப்புவதே நோக்கம் என்று அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி சம்மதித்து, 1787-ல் தோட்டம் பிறந்தது. உணவு, வியாபாரம் இரண்டில் கம்பெனிக்கு எதன் மேல் பிரியம் அதிகம் என்பதைச் சரித்திரம் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கப்பல் கட்டத் தேக்கு வேண்டும், சாயத்துக்கு அவுரி வேண்டும், சீனாவிடமிருந்து தட்டிப் பறிக்கத் தேயிலை வேண்டும். இவைதான் அந்த நிலத்தின் மீது கம்பெனி காட்டிய கருணைக்குக் காரணம். 'கம்பெனி பாகான்' என்று வங்காளிகள் அந்நாளில் வைத்த பெயர் அவ்வளவு பொருத்தமானது. ஆதியில் 300 ஏக்கருக்கு மேல் இருந்த தோட்டம் இப்போது 273 ஏக்கர்.

கிட் 1793-ல் காலமானதும் பொறுப்பேற்றவர் வில்லியம் ராக்ஸ்பர்க். இவருக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கம்பெனி வைத்தியராக 1776-ல் சென்னைக்கு வந்து இறங்கிய இவர், சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்து, அவற்றைப் பற்றிச் சித்திரங்களோடு கூடிய பெரும் நூல் ஒன்றை வெளியிட்டவர். இவருக்கு வழிகாட்டியாக இருந்த கோனிக் என்பவரோ, லின்னேயஸ் என்ற மகாசாஸ்திரியிடம் நேரில் பாடம் கேட்டுவிட்டு, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களுடைய மிஷனுக்கு வைத்தியராக வந்து, நம் கடற்கரையின் செடிகொடிகளை முதன்முதலாகப் புதிய சாஸ்திர முறைப்படி சேகரித்தவர். ஆக, தரங்கம்பாடி மணலில் தொடங்கிய பாடம் சமால்கோட்டை வழியாக வடக்கே நடந்து ஹூக்ளிக் கரையில் போய்ச் சேர்ந்தது. ராக்ஸ்பர்க் இந்திய ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்த தாவரச் சித்திரங்கள் 2,500-க்கு மேற்பட்டவை. அவற்றை வரைந்தவர்களின் பெயர்களைப் பெரும்பாலும் எவரும் எழுதி வைக்கவில்லை. அவர் கட்டிக்கொண்ட வீடு மட்டும் நதிக்கரையில் இன்னும் நிற்கிறது.

இங்கேதான் கண்ணாடி மாளிகைகளின் கதை ஷிப்பூருக்குள் நுழைகிறது. ராக்ஸ்பர்க்குக்குப் பின் 1817 முதல் 1846 வரை தோட்டத்தை ஆண்ட நத்தானியல் வாலிக் என்ற டேனிஷ்காரர், பர்மாவில் மார்த்தபானுக்கு அருகே ஒரு பௌத்த மடத்துத் தோட்டத்தில், கொத்துக் கொத்தாகத் தொங்கும் செந்நிறப் பூக்களோடு ஒரு மரத்தைக் கண்டு மெய்ம்மறந்து போனார். அந்தப் பூக்களைப் பக்கத்துக் குகைகளிலிருந்த புத்தர் உருவங்களுக்குப் பக்தர்கள் சமர்ப்பித்து வந்தார்கள். நம் அசோகத்துக்கு உறவான அந்த விருட்சத்துக்கு, கவர்னர் ஜெனரல் ஆம்ஹெர்ஸ்டின் மனைவி, மகள் ஆகியோரின் நினைவாக 'ஆம்ஹெர்ஸ்டியா' என்று பெயர் வைத்து, கன்றுகளைக் கொண்டுவந்து கல்கத்தாவில் நட்டார். அதன் சித்திரம் இங்கிலாந்தை எட்டியதும் அங்கிருந்த சீமான்களுக்கு ஒருவித ஜுரமே கண்டுவிட்டது. சாட்ஸ்வர்த் என்ற தம் பண்ணையில் மாபெரும் கண்ணாடிக் கூடம் கட்டத் திட்டமிட்டிருந்த டெவன்ஷயர் பிரபு, தம் தோட்டத்து இளைஞன் ஜான் கிப்சனை, இந்த ஒரு செடியை முக்கியமாகக் குறிவைத்து 1835-ல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்.

கிப்சன் வந்தான், வாலிக்கின் விருந்தாளியாகத் தோட்டத்தில் தங்கினான், வடகிழக்கிலுள்ள காசி மலைகளுக்குப் போய் மரங்களின் மீது தொற்றி வளரும் ஆர்க்கிட் செடிகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்தான், 1837-ல் ஆம்ஹெர்ஸ்டியாக் கன்றுகளோடு ஊர் திரும்பினான். கடலில் மாதக்கணக்கான பிரயாணம். உப்புக்காற்று ஒரு பக்கம், நன்னீர்ப் பஞ்சம் ஒரு பக்கம். அதற்கு முன்பெல்லாம் அப்படி அனுப்பிய செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே மாண்டுபோகும். கிப்சனைக் காப்பாற்றியது லண்டன் வைத்தியர் வார்டு என்பவர் கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டி. அந்த வைத்தியர் ஒரு விட்டிற்பூச்சியின் கூட்டை ஈரமண்ணோடு சீசாவில் போட்டு மூடி வைத்திருந்தார். பூச்சியைப் பற்றிய கவலையில் இருந்தவருக்கு, 1829-ல் அந்த மண்ணிலிருந்து தானாக முளைத்த பெரணிதான் கண்ணில் பட்டது. மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி, சுவரில் பட்டுத் துளியாகி, திரும்ப மண்ணுக்கே வந்து சேர்கிறது. செடிக்கு வெளித்தண்ணீரே தேவைப்படுவதில்லை. கப்பல் தளத்தில் ஏற்றக்கூடிய அந்தக் குட்டிப் பசுமைக்குடில்தான் பிற்பாடு ராபர்ட் பார்ச்சூனின் கையில் சீனத்துத் தேயிலைக் கன்றுகளைக் கல்கத்தா வழியாக இமயமலைச் சாரலுக்குக் கடத்திக்கொண்டு வந்தது. நாம் காலையில் குடிக்கிற டீயில் அந்தப் பெட்டிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோன ஆம்ஹெர்ஸ்டியா, பிரபுவின் மாளிகையில் பூக்கவே இல்லை. ஐரோப்பாவில் அது முதன்முதலாகப் பூத்தது 1849-ல், லண்டனை அடுத்த ஈலிங்கில் லாரன்ஸ் சீமாட்டியின் குடிலில். அதே 1849-ல், பிரபுவைத் தேற்றுவதற்கென்றே வந்ததைப் போல, தென்னமெரிக்காவின் ராட்சச அல்லி சாட்ஸ்வர்த்தில் மலர்ந்தது. அதைக் காப்பாற்றி வளர்த்த தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், தாம்பாளம் போல் விளிம்பு மடிந்த அதன் இலை மீது தம் சிறுமகளை நிற்கவைத்துப் பார்த்தார், இலை அமிழவில்லை. இலையின் அடிப்புறத்தில் விலா எலும்புகளாக ஓடுகிற நரம்புகளின் அமைப்பை ஆராய்ந்து, அதே முறையில் இரும்பையும் கண்ணாடியையும் இணைத்து, 1851-ல் லண்டன் பொருட்காட்சிக்காக ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடிகள் கொண்ட பளிங்கு மாளிகையை எழுப்பி உலகப் புகழ் பெற்றார். லால்பாகில் நாம் பார்ப்பது அந்த மாளிகையின் தூரத்துப் பேத்தி. அதே ராட்சச அல்லி ஷிப்பூரில் எந்தக் கண்ணாடியும் கொதிகலனும் இல்லாமல் திறந்த குளத்தில் சுகமாகப் படர்ந்து கிடக்கிறது. முதல்நாள் இரவு வெண்மையாக விரிகிற பூ, மறுநாள் இரவு இளஞ்சிவப்பாகிவிடுகிறது. பாக்ஸ்டன் கட்டிய சாட்ஸ்வர்த் கூடத்தின் கதியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கோச்சு வண்டிகள் எதிரெதிரே போகக்கூடிய அகலம் கொண்ட அந்தக் கூடம், முதல் உலக யுத்தத்தில் நிலக்கரி கிடைக்காமல் செடிகளெல்லாம் குளிரில் மடிந்துபோக, 1920-ல் இடித்துத் தள்ளப்பட்டது.

இனி ஷிப்பூர்த் தோட்டத்திலுள்ள பெரிய பனை மனைக்குள் போகலாம். பல கோணங்களாக எழுப்பிய இரும்புச் சட்டம். சட்டத்தின் மேல் கம்பி வலை. வலையின் மேல் தலைமுறை தலைமுறையாகப் படர்ந்த கொடிகள். வெளியே டிசம்பர் வெயில் கண்ணைக் கூசச் செய்துகொண்டிருந்தபோதும் வாசலைத் தாண்டியதும் வெளிச்சம் பச்சையாக மாறி, பொட்டுப் பொட்டாகத் தரையில் சிந்திக் கிடந்தது. ஈரமண் வாசனை. கூந்தற்பனையின் மீன்வால் இலைகளுக்குக் கீழே, பாதையோரத்தில் பாசி. பிரம்பு என்றால் ஆசிரியர் கைப்பொருள் என்று மட்டும் அறிந்திருந்த சிறுவன், அது முள் அடர்ந்து மரத்துக்கு மரம் தாவுகிற ஒரு பனை இனம் என்பதைக் கண்ணெதிரே கண்டதும் கையை நீட்டினான். ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மாலி, "ஹாத் தியோ நா, பாபு" என்று ஒரு குரல் கொடுத்து நிறுத்தினார். வழுக்குகிற பாதையில் என் தாயார் தயங்கி நின்றதைக் கண்டு, "ஆஸ்தே, மாஷிமா" என்று குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து, ஒதுங்கி நடக்கக் கல்பதித்த ஓரத்தைக் காட்டினார். வங்காளத்தில் தாயின் சகோதரி ஸ்தானம் அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

அம்மா மேலேயும் பக்கத்திலும் பார்த்துக்கொண்டே நடந்தாள். பிறகு, "ஏம்ப்பா, இது நம்ம கொடிக்கால் மாதிரில்ல இருக்கு?" என்றாள். திருவையாற்றுப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் ஓடி விளையாடி வளர்ந்தவள் அவள். அகத்தியையும் செம்பையையும் நெருக்கமாக வைத்து, அந்த நிழலில் கொடியை ஏற்றி, வாய்க்காலில் எப்போதும் ஈரம் காத்து, வெயிலும் காற்றும் அளவோடு உள்ளே வரச் செய்கிற கொடிக்கால், நம் விவசாயிகள் எந்தச் சீமைப் புஸ்தகத்தையும் படிக்காமல் அமைத்துக்கொண்ட பசுமைக்குடில்தானே! வங்காளத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். மேதினிபூர், ஹௌரா ஜில்லாக்களில் வெற்றிலை பயிரிடுகிறவர்கள், மூங்கிலும் சணல் குச்சியும் நாணலும் கொண்டு நாற்புறமும் சுவர் எழுப்பி, மேலேயும் மெல்லிய கூரை வேய்ந்து, ஆள் நின்று நடக்கும் உயரத்துக்கு ஒரு வீடே கட்டிவிடுகிறார்கள். அதற்கு 'பொரோஜ்' என்று பெயர். குளித்துச் சுத்தமாக, செருப்பில்லாமல்தான் அதற்குள் நுழைய வேண்டும் என்பது பாருய் என்ற வெற்றிலைக்காரச் சமூகத்தின் ஆசாரம். நோய் பரப்பும் கிருமியைப் பற்றி நாம் இன்று சொல்கிற காரணத்தை அவர்கள் பக்தியின் பேரால் காத்து வந்திருக்கிறார்கள். இரும்புச் சட்டம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததாக இருக்கலாம். வெயிலை அரித்து உள்ளே விடுகிற வித்தை இந்த மண்ணில் அவன் கால் வைப்பதற்கு நெடுங்காலம் முந்தியது.

பனை மனையின் பெருமையெல்லாம் ஒரு காலத்தில் ஒரே மரத்தைச் சுற்றி இருந்தது. இரட்டைத் தேங்காய் என்றும் கடல் தேங்காய் என்றும் சொல்வார்களே, அந்த விருட்சம். இந்துமகா சமுத்திரத்தின் நடுவே செஷல்ஸ் தீவுகள் இரண்டில் மட்டுமே இயற்கையாக வளர்கிற இது, தாவர உலகத்திலேயே மிகப் பெரிய விதையை உடையது. மாலத்தீவுக் கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய காய்களை மட்டும் கண்ட ஜனங்கள், கடலுக்கடியில் ஏதோ மரம் இருக்கிறதென்று நம்பி, அதற்குப் பொன்விலை கொடுத்தார்கள். நம் சித்த வைத்தியர்கள் அதை மருந்தில் சேர்த்தார்கள். சந்நியாசிகளின் கமண்டலமும் பக்கிரிகளின் பிச்சைப்பாத்திரமும் அதன் ஓட்டிலிருந்து உண்டாயின. அப்படிப்பட்ட விதை ஒன்றை 1894-ல் ஷிப்பூரில் ஊன்றினார்கள். மரம் பருவத்துக்கு வர ஏறத்தாழ நூறு ஆண்டு பிடித்தது. பூத்த பிறகுதான் அது பெண் மரம் என்று தெரிந்தது. இந்த இனத்தில் ஆண் வேறு, பெண் வேறு. இந்தியாவில் வேறு மரமே இல்லாதபோது மகரந்தத்துக்கு எங்கே போவது? இலங்கையிலிருந்து வந்தது பலிக்கவில்லை. பின்னர் தாய்லாந்திலிருந்து தருவித்த மகரந்தத்தை 2013 வாக்கில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் தங்கள் கையாலேயே பூவில் சேர்க்க, காய் பிடித்தது. நட்டவர்களும், நீர் வார்த்தவர்களும், முதல் பூவைக் கண்டவர்களும், காயைக் கண்டவர்களும் வெவ்வேறு தலைமுறையினர். காய் முற்றிய காலத்தில் மரத்தைப் பூஞ்சை நோய் பற்றிக்கொண்டது. விதையைப் பிழைக்க வைக்க விஞ்ஞானிகள் பட்ட பாட்டைப் பத்திரிகைகளில் படித்தபோது, ஒரு வீட்டில் பிரசவத்துக்குக் காத்திருக்கிறவர்களின் பதைப்பு எனக்கும் வந்தது.

தோட்டம் முழுவதுமாகச் சுமார் 110 வகைப் பனைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பனைமரத்துக்குத் தமிழன் செய்கிற மரியாதையை இங்கே வங்காளி ஈச்சமரத்துக்குச் செய்கிறான் என்பதையும், குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற ஈச்சம்பாகு வெல்லத்தில் செய்த சந்தேஷைச் சாப்பிடாமல் கல்கத்தாவைவிட்டுக் கிளம்புவது பாவம் என்பதையும் இந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லி வைக்கிறேன்.

பெரிய ஆலமரத்தைப் பற்றி நான் அதிகம் எழுதவேண்டியதில்லை. வயது 250-க்கு மேல். 3,000-க்கு மேற்பட்ட விழுதுகள். பூஞ்சையால் அழுகிய தாய்மரத்தை 1925-ல் வெட்டி எடுத்த பிறகும், தாய் இல்லாமலே குடும்பம் விரிந்துகொண்டு போகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது 'பைத்திய மரம்' என்று வங்காளிகள் சொல்கிற ஒன்று. அதில் ஓர் இலையின் வடிவம் இன்னோர் இலையில் இல்லை. எங்கள் வீட்டுக் குழந்தைகள் கீழே உதிர்ந்தவற்றைப் பொறுக்கி ஜோடி சேர்க்க முயன்று, கடைசிவரையில் தோற்றுப்போனார்கள். இலையின் அடி மடிந்து கிண்ணமாகிவிட்ட கிருஷ்ண ஆல் ஒன்றும் உண்டு. அந்தக் கிண்ணத்தில் கண்ணன் வெண்ணெயை ஒளித்து வைத்தான் என்பார்கள்.

இந்தத் தோட்டம் இவ்வளவு நாள் நிலைத்திருப்பதே ஓர் அதிசயம். 1864-லும் 1867-லும் அடித்த புயல்கள் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டன. 1871-ல் பொறுப்புக்கு வந்த ஜார்ஜ் கிங் என்பவர், மேடுபள்ளமாகக் கிடந்த நிலத்தில் ஒன்றோடொன்று தொடர்புடைய ஏரிகளை வெட்டி, எடுத்த மண்ணால் பாதைகளை உயர்த்தி, இன்று நாம் பார்க்கிற உருவத்தைக் கொடுத்தார். 2020 மே மாதத்து ஆம்பன் புயல் மறுபடியும் எண்ணற்ற மரங்களை வீழ்த்தியது. பெரிய ஆலமரமும் சேதத்துக்குத் தப்பவில்லை. திறந்தவெளித் தோட்டத்துக்குக் கண்ணாடிக் கூரையின் பாதுகாப்பு இல்லை. புயலுக்குப் புயல் திரும்ப நட்டுக்கொண்டேதான் இருக்கவேண்டும். அதற்கு வேண்டிய ஆளும் பணமும் தாராளமாகக் கிடைப்பதாக, அங்கே புதர் மண்டிய பாதைகளையும் பெயர்ப்பலகை உதிர்ந்த மரங்களையும் பார்த்தவன் சொல்லமாட்டான். பெயர்ப்பலகை இல்லாத மரம் பார்வையாளனுக்கு வெறும் நிழல். இந்த ஒரு குறையை நீக்குவதற்குப் பெரிய செலவும் ஆகாது.

இன்னும் ஒரு பகல் கையில் இருப்பவர்கள் அலிப்பூருக்கும் போகலாம். செரம்பூரில் அச்சுக்கூடம் வைத்துப் பல பாஷைகளை வளர்த்த பாதிரியார் வில்லியம் கேரி 1820-ல் ஸ்தாபித்த விவசாயத் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் அங்கே இருக்கிறது. ஷிப்பூர் காடு என்றால் இது வீட்டு முற்றம். குளிர்கால மலர்க் கண்காட்சிக் காலத்தில் போனால் டாலியாவும் சாமந்தியும் கண்ணைப் பறிக்கும்.

ஷிப்பூருக்குப் போக உகந்த காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வங்காளிகள் எல்லாரும் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு நடுங்குகிற அந்தப் பருவம் நமக்கு மார்கழிக் காலையைவிடக் கொஞ்சம்தான் குளிரும். காலையிலேயே போய்விடுங்கள். குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே தூரம் அதிகம், கடைகள் அதிகம் இல்லை. நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் பேட்டரி வண்டி கிடைக்குமா என்று வாசலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். முதலில் பனை மனைக்குப் போய், வெயில் ஏறுகிற நேரத்தில் அந்த நிழல் என்ன வேலை செய்கிறது என்பதை உடம்பால் உணர்ந்து பாருங்கள். பிறகு அல்லிக் குளம், ஆலமரம் எல்லாம். பட்டையில் பெயர் செதுக்குகிற பழக்கம் உங்கள் குழந்தைகளுக்கு இராது என்று நம்புகிறேன். திங்கட்கிழமை தோட்டத்துக்கு விடுமுறை. அதை மறந்து மூட்டை முடிச்சோடு பி கார்டன் வாசலில் போய் நிற்காதீர்கள்.